நரம்பு திரும்ப வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இருபது வருடத்துக்கும் மேலாகப் பிசியோதெரபி கொடுத்து வருகிறேன். கை வெட்டுப்பட்டவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், அவர்களோடு கூட வரும் மனைவிமார், பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வார்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில்கள் அல்ல அவை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

கையில பச்சையா புடைச்சுக்கிட்டுத் தெரியுதே, அதுவும் நரம்புதானே?

இல்லை, அது ரத்தக் குழாய். "ஊசி போட நரம்பு கிடைக்கலை", "கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று பேச்சில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இந்தக் குழப்பத்தால், கால் மரத்துப்போனவர் ரத்த ஓட்டத்துக்கு எண்ணெய் தேய்த்தபடி மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். நான் இங்கே நரம்பு என்று சொல்வது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பி, அசை என்ற கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோவதை. தொட்டது, சுட்டது என்ற செய்தியைத் திருப்பிக் கொண்டுவருவதை. வெள்ளைக் கயிறு போல இருக்கும், தோலுக்கு மேலே நிறமாகத் தெரியாது.

அறுந்த நரம்பு வளருமா, வளராதா? ஒரு டாக்டர் வளரும்ங்கிறார், இன்னொருத்தர் வளராதுங்கிறார்.

அநேகமாக இருவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும், பேசிய நரம்புதான் வேறு. கை, கால், முகத்துக்கு ஓடும் வெளி நரம்புகள் வளரும். மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் இருக்கும் இழைகள் அறுந்தால், பெரியவர்களுக்கு அவை தானாக நீண்ட தூரம் வளர்ந்து சேர்வதில்லை.

வளர்வது மட்டும்தான் பழுதுபார்ப்பு என்றும் நினைக்க வேண்டாம். அறுந்த இழை மீண்டும் நீளலாம். இழை நன்றாக இருந்து, மேலே சுற்றிய உறை மட்டும் உரிந்திருந்தால் அந்த உறை மறுபடி சுற்றப்படலாம். பக்கத்து நரம்பு கிளைவிட்டு, இணைப்பு இழந்த தசையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம். மூளை அதே வேலையை வேறு பாதையில் செய்யப் பழகலாம். உங்கள் வீட்டில் நடக்கப்போவது இதில் எது என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை நாள், எவ்வளவு என்ற கணக்கெல்லாம். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நரம்புக்குத் தையல் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. விரல்ல இன்னும் உணர்வே இல்லையே, தையல் விட்டுப்போச்சா?

மின்சாரக் கம்பியை முறுக்கி ஒட்டியதும் விளக்கு எரியும். நரம்பு அப்படி இல்லை. வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் இழை முழுவதும் முதலில் செத்துச் சிதைகிறது. 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். சிதைந்த குப்பையை அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, நரம்பு இழைக்கு உறை சுற்றும் ஷ்வான் செல்கள், இழை இருந்து காலியான குழாய்க்குள் வரிசையாக நின்று வழி காட்டுகின்றன. மேல் முனையிலிருந்து புது இழை அந்த வழியே ஊர்ந்து வருகிறது. வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் போட்டுச் சேர்த்தது அந்தக் குழாயின் இரண்டு வாய்களை மட்டுமே.

மணிக்கட்டில் கண்ணாடி கிழித்தவருக்கு அங்கிருந்து விரல் நுனி வரை சுமார் 18 சென்டிமீட்டர். அதாவது 180 நாள். தையலைத் தாண்டி முளைக்கவே சில வாரங்கள் போய்விடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் நரம்பு உள்ளங்கையில் எங்கோ வந்துகொண்டிருக்கும்.

இதைத் தன் கையிலேயே பார்த்த ஒரு டாக்டர் உண்டு. லண்டன் நரம்பியல் நிபுணர் ஹென்றி ஹெட் 1903 ஏப்ரலில் தன் இடது முன்கையின் உணர்ச்சி நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார். அதன்பின் நான்கு வருடத்துக்கும் மேலாக, கேம்பிரிட்ஜில் நண்பர் ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ரிவர்ஸ் பஞ்சால் தடவி, ஊசியால் குத்தி, சூடும் குளிர்ச்சியும் வைத்துக் குறித்துக்கொள்வார். முதலில் திரும்பியது இடம் தெரியாமல் பரவுகிற கரடுமுரடான வலியும் சூடு, குளிர்ச்சியும். பஞ்சின் மெல்லிய தொடுகை வெகுநாள் கழித்துத்தான் வந்தது. என்னிடம் வருகிறவர்கள் சொல்வதும் இதையேதான்: "மொதல்ல வலிதாங்க வந்துச்சு."

வளருதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நரம்பு ஓடும் பாதையில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கரண்ட் அடிப்பது போலச் சுரீரென்று விரலுக்கு ஓடும். வளரும் முனைகள் ஏறக்குறைய அங்கே நிற்கின்றன. முதல் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களிடம் பார்த்து ஜூல் டினெல் 1915-இல் எழுதிய சோதனை இது. நான் பேனாவால் அந்த இடத்தில் புள்ளி வைத்து, ஒரு எலும்பைக் குறியாக வைத்து டேப்பால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த மாதம் புள்ளி இரண்டு மூன்று சென்டிமீட்டர் விரல் பக்கம் நகர்ந்திருந்தால் எங்கள் இருவருக்கும் அன்று நல்ல நாள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஏதோ தடை இருக்கிறது, அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். நரம்பிலும் தசையிலும் மின் ஓட்டத்தை அளக்கும் என்.சி.எஸ்., இ.எம்.ஜி. சோதனைகள் இன்னும் துல்லியமாகச் சொல்லும். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்தால் முழுப் படம் கிடைக்காது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு வாரத்துல சரியாப்போச்சு. எனக்கு மட்டும் ஏன் வருஷக்கணக்கு?

இருவருக்கும் கை தொங்கியிருக்கலாம், உள்ளே நடந்தது வேறு. 1943-இல் செடன் என்ற அறுவை நிபுணர் பிரித்த மூன்று வகை இன்னும் பயன்படுகிறது. முதலாவது, இழை முழுசாக இருக்கிறது, அழுத்தத்தால் உறை கெட்டுச் செய்தி நின்றிருக்கிறது. நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டு அசந்து தூங்கி எழுந்தால் மணிக்கட்டு தூக்க வராதே, அது பெரும்பாலும் இந்த வகை. சில வாரங்களில் திரும்பிவிடும். இரண்டாவது, இழை அறுந்திருக்கிறது ஆனால் குழாய் அறுபடவில்லை. தையல் இல்லாமலே வளரும், மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்கில். மூன்றாவதில் குழாயே துண்டாகிவிடுகிறது. தைக்காமல் விட்டால் இழைகள் வழி தெரியாமல் சுருண்டு, தொட்டாலே துடிக்க வைக்கும் முடிச்சாகிவிடும்.

பைக்ல விழுந்து தம்பிக்குக் கை முழுசாத் தொங்குது. நரம்புதானே, மெதுவா வளரும்னு காத்திருக்கலாமா?

இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோரும் படியுங்கள். காத்திருப்பதற்கு ஒரு எல்லை உண்டு, அதை வைப்பது நரம்பு அல்ல, தசை. நரம்பு வராத தசை நாளுக்கு நாள் சுருங்கி, ஒன்று ஒன்றரை வருடத்தில் நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளாத நிலைக்குப் போய்விடுகிறது. தோளிலிருந்து உள்ளங்கைக்கு 70 சென்டிமீட்டர், 700 நாள். நரம்பு போய்ச் சேரும்போது அங்கே தசை இருக்காது.

தோள்பட்டை நரம்புப் பின்னல் பிய்ந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு நல்ல காலம் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம். வேரோடு தண்டுவடத்திலிருந்தே பிடுங்கியிருந்தால் தைக்க முனை இருக்காது. அப்போது வேலை செய்யும் நரம்பிலிருந்து ஒரு பிரிவை எடுத்து, தசைக்குப் பக்கத்திலேயே இணைக்கிறார்கள். 1994-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஓபர்லின் விவரித்த முறையில், மணிக்கட்டை மடக்கும் நரம்புக் கற்றையில் கொஞ்சம் பிரித்து மேல்கைத் தசைக்குக் கொடுப்பார்கள். சில மாதம் கழித்து நோயாளியிடம் "மணிக்கட்டை மடக்குங்க" என்று சொல்வேன்; முழங்கை மடங்கும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! போகப் போக முழங்கையை மடக்க நினைத்தாலே மடங்கப் பழகிவிடுகிறது.

ஒன்றரை வருடம் வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதுவரை பிசியோ எதுக்கு? தினமும் கையை ஆட்டினா நரம்பு சீக்கிரம் வளருமா?

ஆட்டுவதால் நரம்பின் வேகம் பெரிதாக மாறிவிடாது. ஆனால் ஆட்டாத மூட்டு இறுகிவிடும். நரம்பு ஒரு வருடம் கழித்து வந்தபோது விரல் மூட்டுகள் மரக்கட்டை மாதிரி இருந்தால் அந்த நரம்பால் என்ன செய்ய முடியும்? தினமும் இரண்டு வேளை ஒவ்வொரு மூட்டையும் முழு அளவுக்கு மடக்கி நீட்டுங்கள், கையைத் தாங்கக் கொடுத்த ஸ்பிளிண்டைப் போடுங்கள்.

மரத்த தோலைக் கண்ணால் காவல் காக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு அம்மா, தோசைக் கல்லில் விரல் பட்டதை வாசனை வந்த பிறகுதான் கவனித்தார். சூடான டம்ளரை மற்ற கையால் எடுங்கள். வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

உணர்வு வந்துருச்சு. ஆனா நடுவிரலைத் தொட்டா ஆள்காட்டி விரல்ல தெரியுது. தப்பாத் தைச்சுட்டாங்களா?

தப்பு அவர்களுடையது அல்ல. ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் ஒவ்வொன்றும் தன் பழைய குழாய்க்குள்ளேயே போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. பழைய முகவரியை வைத்தே மூளை செய்தியைப் படிக்கிறது. பயிற்சிதான் வழி: கண் திறந்து தொட்டுப் பார்ப்பது, அப்புறம் கண் மூடிச் சொல்வது. அரிசியும் துவரம்பருப்பும் கலந்து வைத்துக்கொண்டு விரலால் பிரிக்கச் சொல்வேன். சிறு பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் முகவாதத்தில் இதே கலப்பு வேறு விதமாகத் தெரியும். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். சாப்பிடும்போது கண்ணில் நீர் வரும். பெரும்பாலான முகவாதம் நன்றாகவே திரும்பிவிடும். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் இன்னும் நல்லது. அதுவரை மூடாத கண்ணைச் சொட்டு மருந்து போட்டுப் பாதுகாக்க வேண்டும்.

கை நரம்பு வளருதுன்னா, தண்டுவடத்துல மட்டும் ஏன் வளரல?

வெகுகாலம் எல்லோரும் அந்த நரம்புக்கே திராணி இல்லை என்று நினைத்தார்கள். நரம்பு செல்களை வரைந்து காட்டி 1906-இல் நோபல் பெற்ற ஸ்பெயின்காரர் ராமோன் இ கஹால் கூட, வளர்ந்த மூளையின் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்றுதான் எழுதினார். 1981-இல் மாண்ட்ரியாலில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை எடுத்து, மூளைத் தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலம் போல வைத்தார்கள். வளராது என்று சொல்லப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன.

ஆக, இடமும் ஒரு காரணம். வெளி நரம்பில் ஷ்வான் செல் குப்பையை அள்ளி வழிகாட்டுகிறது. தண்டுவடத்தில் உறை சுற்றும் செல் வேறு. சிதைந்த உறையின் குப்பை அங்கே நெடுநாள் கிடக்கிறது, அந்த உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழு 1988-இல் காட்டிய அந்தத் தடைப் புரதத்துக்குப் பிற்பாடு நோகோ, அதாவது "போகாதே", என்றே பெயர் வைத்தார்கள். இது போக, காயத்தைச் சுற்றித் தழும்பு. அந்தத் தழும்பு அழற்சி பரவாமல் மீதித் திசுவைக் காப்பாற்றவும் செய்கிறது என்பதால் அதைச் சும்மா கரைத்துவிடவும் முடியாது. பெரியவர்களின் தண்டுவட இழைக்குள்ளேயும் வளரும் வேகம் அடங்கிப் போயிருக்கிறது. இத்தனை பூட்டையும் ஒரே சாவியால் திறக்க யாராலும் இன்னும் முடியவில்லை.

பல்லிக்கு வால் முளைக்குதே?

முளைக்கிறது, ஆனால் புது வாலுக்குள் முதுகெலும்பு இல்லை, குருத்தெலும்புக் குழாய்தான். உண்மையில் தண்டுவடத்தைச் சரிசெய்பவை வரிக்குதிரை மீனும், நீரில் வாழும் சாலமாண்டர் வகையான ஆக்ஸலாட்டிலும். மீன் சில வாரங்களில் மறுபடி நீந்துகிறது. அதன் காயத்தில் தழும்புக்குப் பதிலாகச் செல்கள் பாலம் கட்டுகின்றன.

அப்போ மூளை செல் செத்தா வராதுன்னா, பக்கவாதம் வந்தவங்க எப்படி நடக்கிறாங்க?

மூளையின் பெரிய ரத்தக் குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போகின்றன. அதனால்தான் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி என்று அவசரப்படுத்துகிறோம். செத்த பகுதி திரும்புவதில்லை. ஆனால் அதைச் சுற்றி அரைமயக்கத்தில் கிடக்கும் பகுதி ரத்தமும் வீக்கமும் சரியானால் விழிக்கும். முதல் சில நாள், வாரங்களில் தெரியும் முன்னேற்றத்தில் இதற்குப் பெரிய பங்கு. அதற்குப் பிறகு வருவது மூளை புதிதாகப் படித்துக்கொள்வது: மிஞ்சிய செல்கள் கிளைவிட்டுப் புது இணைப்புகள் போடுகின்றன, பக்கத்துப் பகுதி வேலையை ஏற்கிறது. இதற்கு முக்கியத் தூண்டுதல் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

மூணு மாசம் தாண்டிடுச்சு. இனிமே முன்னேற்றம் வராதுன்னு சொல்றாங்களே?

வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில்தான். அதை வீணாக்க வேண்டாம். அதன்பின் கதவு சாத்திவிடுவதில்லை. 2006-இல் அமெரிக்காவில் வந்த எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பலவீனக் கையையே பயன்படுத்த வைத்தார்கள், இரண்டு வாரம். மற்றவர்களைவிட இவர்கள் கை நன்றாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நீட்ட வருபவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். வீட்டில் ஒரு வேண்டுகோள்: அன்பால் எல்லாவற்றையும் நீங்களே ஊட்டிவிடாதீர்கள். சிந்தினாலும் பரவாயில்லை, அவரே எடுத்துச் சாப்பிடட்டும்.

அக்காவுக்குக் கில்லன் பாரே வந்து வெண்டிலேட்டர் வரை போனாங்க. ஆறு மாசத்துல நடந்துட்டாங்க. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு இங்க ஏன் இடிக்குது?

அவருக்கு உரிந்தது உறையாக இருக்கும். உடலின் எதிர்ப்பு சக்தி தவறுதலாக நரம்பின் உறையைத் தாக்கும் நோய் அது. இழை அப்படியே இருக்க, ஷ்வான் செல்கள் மறுபடி சுற்றினால் போதும். முழு நீளமும் வளர வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் துணையில்லாமல் நடக்கிறார்கள். இழையே பாதிக்கப்படும் வகையும் உண்டு. அதில் சிலர் வெகுநாள் படுக்கிறார்கள், அங்கே மில்லிமீட்டர் கணக்கு திரும்பி வருகிறது. இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ தாக்குதலை நிறுத்துவதற்குத்தான். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

அப்பாவுக்குச் சின்ன வயசுல போலியோ. நல்லாத்தான் நடந்தார். இப்போ அறுபதுல அந்தக் கால் மறுபடி வலுவிழக்குது, போலியோ திரும்புமா?

கிருமி திரும்பவில்லை. அன்று செத்த நரம்பு செல்கள் விட்டுப்போன தசை இழைகளை, பிழைத்த செல்கள் கிளைவிட்டு எடுத்துக்கொண்டன. ஒரு செல் பல மடங்கு தசையைச் சுமந்தது. ஐம்பது வருடம் அப்படிச் சுமந்த பிறகு அந்தக் கிளைகள் தாக்குப்பிடிக்காமல் உதிர்கின்றன. கடும் பயிற்சி இவருக்கு ஆகாது. அளவான பயிற்சி, நடுநடுவே ஓய்வு, தேவைப்பட்டால் காலைத் தாங்கும் கேலிப்பர். கேலிப்பரைத் திரும்பப் போடச் சொன்னபோது அழுத பெரியவர்கள் உண்டு. அது தோல்வி இல்லை என்று வீட்டார்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

சர்க்கரையால கால் எரியுது. பி12 ஊசி போட்டா நரம்பு புதுசா வந்துருமா?

பி12 குறைந்திருந்தால் அதைக் கொடுப்பது அவசியம். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் குறைய வாய்ப்பு அதிகம்; ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருப்பவருக்குக் கூடுதல் ஊசி புது நரம்பைக் கொண்டுவராது. சர்க்கரையில் கெடுக்கும் காரணம் தினமும் தொடர்வதால், அதைக் கட்டுப்படுத்தாமல் பழுதுபார்ப்புக்கு இடமே கிடைப்பதில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை வருடம் ஒருமுறை கேட்டுச் செய்யுங்கள். அது தெரியவில்லை என்றால் வெறுங்காலில் நடப்பதை அன்றோடு விடுங்கள், கோயில் பிரகாரத்து உச்சிவெயில் கல் உட்பட.

பார்க்கின்சனுக்கு மாத்திரை சாப்பிட்டா நடக்கிறார். அப்போ செல் திரும்ப வருதுன்னுதானே அர்த்தம்?

வரவில்லை. கை நடுங்கத் தொடங்கும்போதே அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனத்தைத் தரும் நரம்பு முனைகளில் பாதிக்கு மேல் போயிருக்கும். அத்தனை நாள் தெரியாமல் இருந்ததே மிஞ்சியவை கூடுதலாக உழைத்ததால்தான், போலியோ பதிலில் சொன்னது போல. மாத்திரையில் இருக்கும் லெவோடோபா அந்தக் குறையை நிரப்புகிறது. பூனைக்காலி விதையிலும் அதே பொருள் இருக்கிறது. அதனாலேயே டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது.

ஸ்டெம் செல் போட்டா எல்லாம் சரியாகும்னு சில லட்சம் கேட்கிறாங்க. நிலத்தை வித்துப் போடலாமா?

விற்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. பணம் கேட்ட அந்த நொடியிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதில் உண்மையான வேலையும் நடக்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகக் குழு பார்க்கின்சன் நோயாளிகள் 7 பேரின் மூளையில், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை வைத்து, அவை பிழைத்து டோபமைன் சுரந்ததை 2025-இல் வெளியிட்டது. ஏழு பேர். இரண்டு வருடக் கண்காணிப்பு. அவ்வளவு நிதானமாகப் போகிற விஷயத்தை ஒரு வார பேக்கேஜாக விற்கிறவரிடம் ஏமாற வேண்டாம்.

நரம்பு இனி வராதுன்னே சொல்லிட்டாங்க. அதோட கை முடிஞ்சதா?

இதற்கு வேலூர்க் கதைதான் பதில். 1946-இல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, மரத்துப்போனதால் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று கண்டார். இரவில் எலி கடித்தும் விழிக்காமல் தூங்கியவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறுவதால், வழிகாட்ட வேண்டியதே கெட்டுப்போய் நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. நரம்பை விட்டுவிட்டு அவர் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை மாற்றினார்: விரலை மடக்கும் இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்து, மடங்கிக் கிடந்த விரல்களை நேராக்கும் இடத்தில் தைத்தார். கொக்கி போலிருந்த கை திறந்தது. ஓபர்லின் முறையில் சொன்னது போலவே, மடக்க நினைத்து நீட்டப் பழக வேண்டும். சில வாரங்களில் மூளை அதை ஏற்றுக்கொள்கிறது. கை வராத பைக் விபத்துக்காரர்களுக்கும், மணிக்கட்டுத் தொங்கியவர்களுக்கும் இன்று இதே வழியில் நாண் மாற்றுகிறார்கள்.

அதே மருத்துவமனையின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அந்த இழைகள் வளரவே இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே செய்யக்கூடியது என்பதால் கை அறுவையைக் கற்று, சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைத் திறந்துகொடுத்தார். பிறகு வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையத்தை நடத்தினார். முதுகு முறிந்து படுக்கையில் வந்தவர்கள் அங்கே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், அங்கிருந்து ஊருக்குத் திரும்பி வேலை பார்க்கவும் படித்துக்கொண்டு போனார்கள்.